ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை

முன்பு ஒருமுறை அம்மாவை நுவரெலியாவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைப் பேசாமல் குடித்தார். சுற்றியிருந்தவர்களுக்கும் அதே ஆறின தேத்தண்ணிதான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன ஞாயிறு இந்தச் சின்னக் கடைக்குப் போனோம். நீள மேசை, முன்பின் தெரியாதவர்களோடு தோளுரச உட்கார வேண்டும். நடுவில் தட்டு நிறைய வடையும் ரோல்ஸும். சாப்பிட்டதை எண்ணிச் சொன்னால் அதற்குத்தான் காசு. எதிரே இருந்த அக்கா, "சம்பல் காணாது தம்பி" என்று குரல் கொடுத்தார். உடனே அம்மாவும், "எனக்கும் கொஞ்சம் போடுப்பா, தேத்தண்ணி நல்ல சூடா வேணும்" என்றார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1950களில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை வைத்துச் செய்த சோதனைகள் நினைவுக்கு வந்தன. கூட இருந்தவர்கள் எல்லோரும் தப்பாகச் சொன்னபோது பலர் அவர்களோடு ஒத்துப்போனார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், ரொட்டி கொஞ்சம் தடிப்பு. கட்டைச்சம்பலில் தேசிக்காய்ப் புளி தூக்கல், அருமை. எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இடம் கிடைக்கும்.