ஸ்லாப்பா, கேப்சூலா? வேலூர் வெயிலில் ப்ரூஃப் காசு

காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் வெள்ளிக் காசு, மும்பை நாணயச்சாலையின் ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்கென்று தனியாக மெருகேற்றி அடித்தது), என்னிடம் இரண்டு இருக்கிறது. 15 கிராம், 80 சதவீத வெள்ளி, முகம் பார்க்கலாம் போன்ற பரப்பு. ஒன்றை வியாபாரி மூலம், காசுக்குத் தர எண் போடும் என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் போட்டு, ஸ்லாப் என்கிற ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வாங்கினேன். இன்னொன்று சத்துவாச்சாரி வீட்டு பீரோவில், கையால் திறந்து மூடும் வட்ட பிளாஸ்டிக் கேப்சூலில்.

செலவில் கேப்சூல்தான் ஜெயிக்கும். ஸ்லாப்புக்குக் கட்டணம், தபால், காப்பீடு, மாதக்கணக்கில் காத்திருப்பு. அது எல்லோருக்கும் தெரிந்ததே.

என் கட்சி ஸ்லாப். காரணம் பராமரிப்பு. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியை முதலில் மஞ்சளாக்கும், அப்புறம் கருப்பாக்கும். ரப்பர் பேண்டு பக்கத்தில் இருந்தாலே போதும். பிவிசி கவரில் வைத்தால் பச்சைப் பிசுக்கு வேறு. கத்திரி வெயிலில் எங்கள் ஊர் பீரோ அடுப்பாகிவிடும். ஆனால் காற்றைவிட ஆபத்து மனிதக் கை. போன பொங்கலுக்கு வந்த சித்தப்பா, காசு மங்கியிருக்கிறதே என்று கேப்சூலைத் திறந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல். சாதாரணக் காசில் இது கண்ணில் படாது, கண்ணாடிப் பரப்பில் மறையவே மறையாது. இனி அனுப்பினாலும் தர எண் கிடைக்காது, பழுதுபட்ட காசுக்குப் போடும் 'டீடெய்ல்ஸ்' என்றுதான் எழுதி வரும்.

ஸ்லாப்பும் காற்றுப் புகாத பெட்டி இல்லை, உள்ளேயும் நிறம் மாறலாம். அதனால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அதற்கும் உண்டு.

இன்னொரு தர நிறுவனமான பிசிஜிஎஸ்சுக்கு நான் அனுப்பியதில்லை. தர எண் இரண்டிலும் 70 வரைதான். ப்ரூஃப் காசுக்கு என்ஜிசி 'பிஎஃப்' என்று போடுவதை அவர்கள் 'பிஆர்' என்பார்கள். ஸ்லாப் போட்டால் விலை ஏறுமா என்று கேட்காதீர்கள், இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை.

நாணயச்சாலைப் பெட்டியோடு முழு செட்டாக இருந்தால் பிரிக்காதீர்கள். நூறு வருஷத்தைத் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள்.

ஸ்லாப்பைச் சித்தப்பாவிடம் காட்டினேன். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்கேடா திறக்கிறது?" என்றார்.