நல்ல லேப்டாப்தான், பூட் மெனுவை ஒளிக்காமல் இருந்திருந்தால்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ரீஃபர்பிஷ்டு லேப்டாப் எப்படி உழைக்கிறது, மகளுக்கு ஒன்று வாங்கலாமா என்று அல்சூரில் இருக்கும் தோழி கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை, போன வாரக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு அருமை. எஸ்எஸ்டி மாற்றி லினக்ஸ் போட்ட பிறகு சூடாவதில்லை, ஃபேன் சத்தமும் கேட்பதில்லை. இப்போது அதிகம் பயன்படுத்துவது அப்பாதான். கரண்ட் பில், பேங்க், ஊரில் இருக்கும் அத்தையோடு வீடியோ கால் எல்லாம் அதில்தான்.

என் சண்டை பூட் மெனுவோடு, அதாவது மெஷின் ஆன் ஆகும்போது எதை ஏற்றலாம் என்று கேட்கும் பட்டியலோடு. ஒரே ஓஎஸ் இருந்தால், லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப் என்ற புரோகிராம் தன் மெனுவைக் காட்டாமலே தாண்டிப் போகும்படி வைத்திருக்கிறார்கள். போன வாரம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டது. நான் ஒயிட்ஃபீல்டில், ஆபீசில்; அப்பா வீட்டில், போனில். பழைய கெர்னல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. மெனு வந்தால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய் அதைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான் வேலை. ஆனால் மெனு வர வேண்டுமென்றால் லோகோ மறையும் நொடியில் எஸ்கேப் தட்ட வேண்டும். பழைய பயாஸ் வகை மெஷின் என்றால் ஷிஃப்ட்.

“என்னப்பா தெரியுது?”

“ஒண்ணும் வரலம்மா, நேரா உள்ள போயிடுச்சு.”

மறுபடி ரீஸ்டார்ட். இந்த முறை எஸ்கேப்பை விடாமல் தட்டிவிட்டார். கறுப்புத் திரையில் க்ரப் என்ற ஒரே சொல், பக்கத்தில் மினுக்கும் கர்சர். அங்கே ‘நார்மல்’ என்று டைப் செய்து, என்டர் தட்டிய கையோடு எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்ட வேண்டும். இதைப் போனில் எழுபது தாண்டிய ஒருவருக்கு எப்படிச் சொல்வது? பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்றாராம். அம்மாவின் போட்டோ முழுவதும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. நல்லவேளை, அப்பா கொடுக்கவில்லை. ராத்திரி நான் வந்து பழைய கெர்னலில் ஏற்றியதும் வைஃபை வந்துவிட்டது.

ஒளிப்பதற்கும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. மெனுவில் வரும் வெர்ஷன் எண்களைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பூட் வேகம் கூடி, அதன் பூட் மெனுவுக்கு எஃப்8 அழுத்தக் கிடைத்த நேரம் 200 மில்லி நொடிக்கும் குறைந்துபோனது. 2018-இல் ஃபெடோரா 29 என்ற லினக்ஸ் பதிப்பு கொண்டுவந்த வழி இன்னும் நியாயமானது: போன முறை பூட் சரியாக நடந்திருந்தால் மட்டும் மெனுவை மறைக்கும். ஆனால் லாகின் ஆகி 2 நிமிடம் ஓடினாலே அதன் கணக்கில் வெற்றி. வைஃபை இல்லாத மெஷினும் அப்படித்தான் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண ஆளுக்குத்தான் ஒளிக்கிறோம் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவன் எப்படியும் எஸ்கேப் தட்டிவிடுவான், மாட்டிக்கொள்வது அந்தச் சாதாரண ஆள்தான்.

மெஷினில் குறையே இல்லை. ஆனாலும் தோழியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால், க்ரப் அமைப்புக் கோப்பில் டைம்அவுட் ஸ்டைலை ‘ஹிடன்’ என்பதிலிருந்து ‘மெனு’ என்று மாற்றி, மெனு காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டை 5 நொடி வைத்து, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டக் கடைக்காரரிடம் சொல். மெனு வருவதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடு.