ஷெர்லாக்கா, சுயம்புலிங்கமா?

கோத்தகிரியில் மழை விடாத இரண்டு இரவுகளில் ஒரு தொடரையும் ஒரு படத்தையும் பார்த்தேன். 2010-இல் தொடங்கிய பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரில் துப்பறிவாளன் ஷெர்லாக் கவனிப்பதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடுகிறது. அந்த வேகம் அழகுதான். ஆனால் அறிவாளி என்றால் அடுத்தவரை மட்டம் தட்டுபவன் என்று காட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை.

எனக்குப் பிடித்தது 2015-இல் வந்த ‘பாபநாசம்’ படத்தின் சுயம்புலிங்கம். கேபிள் டிவி நடத்துபவர், பெரிய படிப்பு இல்லை. குடும்பத்தைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற பஸ் டிக்கெட், ஓட்டல் பில் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். ஏன் என்று போலீஸுக்கு அப்புறம்தான் உறைக்கும். எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும் பெரியவரும் இப்படித்தான். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்குவார். முற்றிய இலை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.