ஒன்பது வருடமாக கிராமபோன் தட்டு ஆன்லைனில் வாங்குகிறேன்: உடைந்ததும் தப்பியதும்

பார்சல் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, பெட்டியைக் காதோரம் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பது. சத்தம் இல்லை என்றால் பாதி உயிர் வந்துவிடும். உடைந்த ஓடு உருளுகிற மாதிரி கேட்டால், பிரிக்கவே மனசு வராது. "என்னங்க, இதுவும் போச்சா?" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். முதல் இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை நிறைய தடவை கேட்டாயிற்று.

திருச்சியில் இருக்கிறேன். 78 சுற்றுத் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய கிராமபோன் தட்டுகளை, நேரில் தேடிப் பிடிக்கிற காலம் எனக்கு வாய்க்கவில்லை. பழைய பொருட்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985 இல் எரிந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அதனால் கல்கத்தா, மும்பை, காரைக்குடி என்று எங்கே சரக்கு இருக்கிறதோ அங்கிருந்து வரவழைப்பதுதான் வழி. ஆரம்பத்தில் இபே இந்தியா. 2018 இல் அது மூடியபிறகு ஃபேஸ்புக் குழுக்கள், வாட்ஸாப், வெளிநாட்டுத் தட்டு என்றால் டிஸ்காக்ஸ் என்கிற ரிக்கார்டு விற்பனைத் தளம்.

பிற்காலத்தில் வந்த எல்பி ரிக்கார்டு வாங்கிப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். எல்பி வினைல் என்கிற பிளாஸ்டிக், வளையும், கீறும், லேசில் உடையாது. 78 தட்டு அரக்கு. மரத்தில் பூச்சி கட்டுகிற அதே அரக்கு, வளையலுக்கும் முத்திரைக்கும் உருக்குகிற அதே சரக்கு. அதோடு கல்மாவையும் கரியையும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டாக்கினார்கள். இரும்பு முள்ளின் உராய்வைத் தாங்கத்தான் அந்தக் கல்மாவு. கனமும் கெட்டித்தன்மையும் உண்டு, வளைந்து கொடுக்கத் தெரியாது. பத்து அங்குலத் தட்டு ஒன்றே 200 கிராமுக்கு மேல் போகும். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் பீங்கான் தட்டும் அதுவும் ஒன்றுதான்.

எனக்கு இன்னும் ஆறாதது ஓடியன் கம்பெனித் தட்டு ஒன்று. 1930களில் சென்னையில் பதிவு செய்து, ஜெர்மனியில் அச்சாகி, கப்பலில் திரும்பி வந்த வரிசையைச் சேர்ந்தது. லேபிளிலேயே ஜெர்மனியில் செய்தது என்று போட்டிருக்கும். கடல் தாண்டி வந்து, ஏதோ ஒரு வீட்டுப் பரணில் எண்பது வருடம் கிடந்தும் முழுசாக இருந்த தட்டு, கல்கத்தாவிலிருந்து திருச்சிக்கு வந்த நாலு நாளில் மூன்று துண்டு. விற்றவர் மேல் முழுக் கோபமும் படமுடியவில்லை. அக்கறையாகத்தான் கட்டியிருந்தார். தட்டுகளை, உறைகளைப் புத்தகம் மாதிரி சேர்த்துக் கட்டிய அந்தக் காலத்து ஆல்பத்திலேயே வைத்து, மேலே நாலு சுற்று பபிள் ராப், அளவெடுத்த மாதிரி ஒரு பெட்டி. பார்த்தால் பத்திரமாகத்தான் தெரியும்.

அந்த ஆல்பம்தான் எமன். உள்ளே தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஆடும். ஆல்பத்தின் முதுகுப்பக்கம் தடித்திருக்கும். பெட்டி மேல் இன்னொரு மூட்டை ஏறியதும் அந்த மேட்டில் தட்டு வளையப் பார்க்கும், முறியும். பெட்டி இறுக்கமாக இருந்ததால் மூலையில் விழுந்த அடி நேராக ஓரத்துக்கே போய்விட்டது. தட்டையான முகத்தில் சீராக அழுத்தினால் 78 தட்டு ஓரளவு தாங்கும். வளைவையும் ஓர அடியையும்தான் அதனால் தாங்க முடியாது. பேக்கிங் முழுக்க இந்த இரண்டுக்காகத்தான்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற அண்ணன் ஒருவர். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வருகிற தூண், கண்ணாடி, எனாமல் பாத்திரம் நடுவில் எப்போதாவது தட்டுக் கட்டும் வரும். முதல் ஆர்டரின்போது பேக்கிங் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, ஆளுயர பெல்ஜியம் கண்ணாடியவே லாரில பெங்களூருக்கு அனுப்புறேன். இந்த ரிக்கார்டுக்கா பயப்படுறீங்க?" வந்த பார்சல் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில், சணல் கயிறு போட்டு முறுக்கிக் கட்டியிருந்தது. நாலு தட்டில் இரண்டு காலி. பலகை வளையவில்லைதான், ஆனால் பட்ட அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்திவிட்டது. கயிற்றின் முறுக்கு வேறு. படம் எடுத்து அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் பாதிப் பணத்தைத் திருப்பிப் போட்டார். "சரி தம்பி, எப்படிக் கட்டணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒவ்வொரு தட்டும் தனித்தனிக் காகித உறையில். பத்து அங்குலத் தட்டுக்குப் பன்னிரண்டு அங்குலச் சதுரமாக, பார்சல் பெட்டி செய்கிற நெளியட்டையை வெட்டி, இரண்டு தட்டுக்கு நடுவில் ஒன்று. அட்டை தட்டைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்; சின்ன அட்டை வைத்தால் அதன் விளிம்பிலேயே தட்டு முறியும். அடுக்கின் அடியிலும் மேலேயும் இரண்டிரண்டு அட்டை, ஒன்றின் நெளிவு நீளவாக்கில், இன்னொன்று குறுக்குவாக்கில். அப்போது அட்டை எந்தப் பக்கமும் மடங்காது. தட்டு நடுவிலேயே நிற்கும்படி நாலு பக்கமும் டேப். ஒரு கட்டில் ஆறுக்கு மேல் வேண்டாம். அந்தக் கட்டுக்கு பபிள் ராப், அதன் மேல் பாலிதீன் (மழைக்காலத்தில் நனைந்த அட்டை அப்பளம்தான்). அப்புறம்தான் பெரிய பெட்டி. அடி, மேல், நாலு பக்கம் என்று ஆறு பக்கமும் குறைந்தது மூன்று அங்குலத்துக்குக் கசக்கிய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். பேருக்கு நாலு உருண்டை போட்டால் போதாது. மூடி குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. தெர்மாகோல் மணிகளை நான் விரும்புவதில்லை. வழியெல்லாம் குலுங்கியதில் மணிகள் ஒதுங்கி, கனமான தட்டுக்கட்டு மெல்ல அடிக்கு இறங்கி, பெட்டித் தரையைத் தொட்டுவிடுகிறது.

'உடையும் பொருள்' ஸ்டிக்கர்? ஒட்டலாம், மனசுக்கு ஆறுதல். பார்சல் மூட்டையிலிருந்து இறங்குகிற வேகத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்?

பணம் அனுப்புமுன் இரண்டு வீடியோ கேட்பது என் வழக்கம். ஒன்று, தட்டின் நடு ஓட்டையில் விரல் விட்டுத் தொங்கவைத்து, இன்னொரு கை நகத்தால் ஓரத்தைச் சுண்டுகிற வீடியோ. சட்டி வாங்கும்போது பாட்டிகள் சுண்டிப் பார்ப்பார்களே, அதே சோதனை. நல்ல தட்டு கணீரென்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் பொத்தென்று அமுங்கும். ஃபோட்டோவில் பளபளவென்று இருந்த தட்டுகள் பல இந்தச் சோதனையில் மாட்டியிருக்கின்றன. இரண்டாவது, பெட்டியை மூடுமுன் பேக்கிங்கின் வீடியோ. இதைக் கேட்டதும் எரிச்சல்படுகிற விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை, கையில் அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பாவின் தட்டே இருந்தாலும். கல் நெஞ்சுக்காரன் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் இன்னும் மூன்று துண்டு பார்க்கவில்லை.

பேக்கிங்குக்குத் தனியாகப் பணம் கொடுத்துவிடுகிறேன். முன்னூறு ரூபாய்த் தட்டுக்கு இருநூறு ரூபாய் பேக்கிங்கா என்று முதலில் வலித்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அட்டை வெட்டுகிறவருக்கு அது கூலி. ஓசியில் கட்டச் சொன்னால் ஓசிக் கட்டுதான் வரும். கூரியர் நஷ்ட ஈட்டை நம்பியதும் ஒரு காலம். ஒரு முறை படம், பில், பிரிக்கும் வீடியோ எல்லாம் கொடுத்து இரண்டு மாதம் அலைந்தேன். கண்ணாடி மாதிரிப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

சித்திரை, வைகாசியில் எதுவும் வரவழைப்பதில்லை. வேனுக்குள் வேகிற சூட்டில் அரக்கு இளகித் தட்டு அலையலையாக நெளிந்துவிடும். முள் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பாடும், நமக்குத்தான் தலை சுற்றும். மாறாக, இங்கிலாந்திலிருந்து ஜனவரியில் வந்த ஒரு பெட்டியை ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் அறையிலேயே வைத்திருந்தேன். குளிர்ந்த தட்டு இன்னும் சுலபமாக முறியும் என்பதால்தான்.

பிரிப்பதிலும் ஒரு நஷ்டம் எனக்கு உண்டு. பிளேடை ஆழமாக விட்டு, லேபிள் குறுக்கே ஒரு கோடு. இப்போது டேப்பை நகத்தால் உரிக்கிறேன், பத்து நிமிடம் ஆனாலும் சரி. சுத்தம் செய்ய, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, லேபிள் நனையாமல். எல்பிக்குப் போடுகிற ஸ்பிரிட் கலந்த திரவம் வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். மரவேலைக்காரர்கள் பாலிஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தான். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த தட்டை, புதுப் பித்தளைக் குழாய் மாட்டிய அலங்கார கிராமபோனில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தேய்ந்த முள்ளை மாற்றாமல் நாலு தடவை ஓட்டினால் பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். இரும்பு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று.

கணக்குப் பார்த்தால், முதல் இரண்டு வருடத்தில் ஐந்துக்கு ஒன்று உடைந்தது. அட்டைச் சதுரம் வந்தபிறகு கடந்த நாலு வருடத்தில் இரண்டே இரண்டு, அதில் ஒன்று என் கை தவறி விழுந்தது. ஓடியன் துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை. உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் காரைக்குடி அண்ணன் ஃபோன் பண்ணினார். எட்டுத் தட்டு வந்திருக்கிறதாம், இரண்டு கட்டாகக் கட்டுகிறாராம். "தம்பி, அட்டை விலை ஏறிப்போச்சு. பேக்கிங் ஐம்பது ரூபா சேத்துப் போடுங்க." போட்டுவிட்டேன். கண்ணாடிக்கும் இப்போது இதே மாதிரிதான் கட்டுகிறாராம்.