தோல்வி முந்திக்கொண்டு வரும் நிகழ்ச்சி: ‘ஜெப்பர்டி’ ஒரு மதிப்புரை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சியான ‘ஜெப்பர்டி’யைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இல்லை, அது பார்வையாளரிடம் வந்து சேரும் விதத்தைப் பரிந்துரைக்கத்தான் தயக்கம். 1984 முதல் இன்றைய வடிவில் ஒளிபரப்பாகிவரும் இந்நிகழ்ச்சியில், வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கும் வரலாம். ஐந்து வெற்றிகளோடு வழியனுப்பிவிடும் பழைய விதி 2003இல் நீக்கப்பட்ட பிறகு, ஒரே ஆள் மாதக்கணக்கில் வென்றுகொண்டே போவதும், அந்தத் தொடர் என்றைக்கு, யார் கையால் முடியப் போகிறது என்ற எதிர்பார்ப்புமே நிகழ்ச்சியின் பெரிய கவர்ச்சியாகிவிட்டன. துரதிர்ஷ்டவசமாக, அந்த ஒரே ஒரு தகவலைத்தான் இந்நிகழ்ச்சியால் காப்பாற்றிவைக்க முடிவதில்லை.

காரணம் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் உள்ள சோனி படப்பிடிப்புத் தளத்தில் ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களைப் பதிவுசெய்கிறார்கள். வென்றவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு ‘மறுநாள்’ ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார். பதிவான ஆட்டம் திரைக்கு வரப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். போட்டியாளர்கள் வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள், அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்றாலும், ஒரு பெரிய சாம்பியன் வீழ்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீடு திரும்பும் அத்தனை பேரும் மாதக்கணக்கில் மௌனம் காப்பார்கள் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாத ஏற்பாடு.

2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்று, 25,20,700 டாலர் சேர்த்தபோது இது முதன்முதலாகப் பெரிய அளவில் வெளிப்பட்டது. அவர் தோற்ற ஆட்டம் செப்டம்பர் தொடக்கத்தில் பதிவாகி நவம்பர் 30 அன்றுதான் ஒளிபரப்பானது. தோற்றுவிட்டார் என்ற செய்தியோ செப்டம்பரிலேயே வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அவருக்கு எதிரே நின்ற இரண்டு முகங்களையும் ‘இவரா, அவரா’ என்று சந்தேகத்தோடு பார்ப்பதே நிகழ்ச்சியாகிவிட்டது. உண்மையில் அவரை வென்றவர் நான்சி ஸெர்க். ஆட்டத்தின் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தன் கையிருப்பிலிருந்து ஒரு தொகையைப் பந்தயம் வைத்து விடை எழுத வேண்டும்; சரியானால் அத்தொகை கூடும், தவறானால் கழியும். அதற்கு முன் ஜென்னிங்ஸ் கையில் 14,400, ஸெர்க் கையில் 10,000. 70,000 பருவகால அலுவலகப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டுமே வேலை செய்யும் நிறுவனம் எது என்பது குறிப்பு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதரும் ‘ஹெச் அண்ட் ஆர் பிளாக்’ என்று ஸெர்க் சரியாக எழுதினார். ஜென்னிங்ஸ் ‘ஃபெட்எக்ஸ்’ என்று எழுதினார். ஸெர்க் பந்தயம் வைத்த தொகை 4,401. அதாவது, விடை சரியானால் 14,401: சாம்பியன் வைத்திருந்ததைவிட ஒரே ஒரு டாலர் அதிகம். ‘தோற்றுவிட்டார்’ என்ற ஒற்றைச் சொல் மூன்று மாதங்களுக்கு முன்பே கசிந்திருந்தும், இந்த ஒரு டாலர் கணக்கைப் பார்க்கும் சுகம் யாருக்கும் குறையவில்லை என்பது என் அனுபவம்.

ஆனால் 2019 ஜூனில் கசிந்தது வேறு வகை. நிகழ்ச்சிக்கு உண்மையான கேடு செய்ததும் அதுதான். பந்தயச் சூதாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் ஹோல்ஸாவர் 32 ஆட்டங்களில் 24,62,216 டாலர் வென்றிருந்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 77,000. கேள்விகள் தொகை வாரியாக அடுக்கப்பட்ட பலகையின் அடிவரிசையில் இருக்கும் பெரிய தொகைக் கேள்விகளை முதலில் எடுத்து, கையில் பணம் சேர்ந்ததும் எடுப்பவர் மட்டும் பந்தயம் வைத்து விடை சொல்லக்கூடிய, பலகையில் ஒளிந்திருக்கும் ‘டெய்லி டபுள்’ கட்டங்களைத் தேடிப் பிடித்து, இருப்பதை எல்லாம் அதில் வைத்து இரட்டிப்பாக்குவது அவர் பாணி. ஜென்னிங்ஸின் மொத்தத் தொகையை எட்ட அவருக்கு இன்னும் 58,484 டாலர்தான் பாக்கி என்ற நிலையில், ஜூன் 3, திங்கள்கிழமை ஆட்டத்தில் சாதனை முறியும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, அதற்கு முந்தைய வார இறுதியிலேயே அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் காணொளித் துண்டாக இணையத்தில் வந்துவிட்டது.

அந்தத் துண்டில் தெரிந்தது இவ்வளவுதான்: எம்மா பெட்சர் 46,801 டாலருடன் வெல்கிறார், வாரிவாரிப் பந்தயம் வைத்தே பெயர் வாங்கிய ஹோல்ஸாவர், கடைசிக் கேள்விக்குச் சரியான விடை எழுதியும், வெறும் 1,399 டாலர் வைத்து 24,799உடன் நிற்கிறார். வேண்டுமென்றே தோற்றார் என்று பலர் அப்போதே தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

முழு ஆட்டத்தையும் பார்த்தவருக்கு அந்த 1,399இல் எந்த மர்மமும் இல்லை. கடைசிக் கேள்விக்கு முன் பெட்சரிடம் 26,600, ஹோல்ஸாவரிடம் 23,400, மூன்றாமவரான ஜே செக்ஸ்டனிடம் 11,000. முன்னணியில் இருப்பவர், இரண்டாமவர் முழுத் தொகையையும் இரட்டித்தாலும் ஒரு டாலர் மிஞ்சும்படி வைப்பார் என்பது இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு. பெட்சரும் அப்படியே 20,201 வைத்தார். ஆகவே அவர் சரியாகச் சொன்னால் ஹோல்ஸாவர் எவ்வளவு வைத்தாலும் தோல்விதான். அவர் தவறினால் 6,399க்கு இறங்கிவிடுவார். அப்போது ஹோல்ஸாவருக்கு எஞ்சும் ஒரே ஆபத்து, செக்ஸ்டன் இரட்டித்து 22,000 ஆக்குவது. 23,400இலிருந்து 1,399 போனால் மீதி 22,001. விடையே தவறினாலும் செக்ஸ்டனைவிட ஒரு டாலர் மேலே நிற்கும்படி அளந்து வைத்த தொகை அது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் இவ்வளவு துல்லியமாகக் கழித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் அந்தத் துண்டில் இல்லை. முதல் சுற்றின் டெய்லி டபுள், ஆட்டத்தின் முதல் கேள்வியிலேயே, கையில் ஒரு டாலரும் இல்லாத நேரத்தில் ஹோல்ஸாவரிடம் வந்து வீணாகிப்போனது. இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுள்களும் பெட்சர் கைக்குப் போயின. அவர் வெறும் அதிர்ஷ்டக்காரரும் அல்ல: சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த அவர், தன் முதுகலை ஆய்வையே இந்நிகழ்ச்சியின் கேள்விகளுடைய கடினத்தைக் கணினியால் கணிக்க முடியுமா என்ற பொருளில்தான் செய்திருந்தார். ஷேக்ஸ்பியரின் ஒரு வரி எந்த எழுத்தாளரின் அகால மரணத்தைக் குறிக்கிறது என்ற கடைசிக் குறிப்புக்கு, கிறிஸ்டோபர் மார்லோ என்று அவர் எழுதியது வெளிப்பட்டதும், தோற்றவர் தானே நடந்துபோய் அவர் கையோடு கை தட்டினார். அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் கொள்பவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

(2022 ஜனவரியில் ஏமி ஷ்னைடரின் 40 வெற்றித் தொடரை முடித்த ரோன் டால்ஸ்மாவும் சிகாகோவைச் சேர்ந்த நூலகர்தான். ஆங்கிலத்தில் ‘ஹெச்’ எழுத்தில் முடியும் பெயருள்ள ஒரே நாடு எது என்ற குறிப்புக்கு அவர் பங்களாதேஷ் என்று எழுத, ஷ்னைடரின் திரை வெறுமையாக இருந்தது. சிகாகோவின் நூலகர்களிடம் சாம்பியன்கள் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.)

ஒளிபரப்பு ஏற்பாட்டுக்கு வருவோம். இது ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வருவதல்ல; உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்படுவது. எந்த நேரத்தில் போடுவது என்பது அந்தந்த நிலையத்தின் விருப்பம். அலபாமாவின் மாண்ட்கோமரியில் காலையிலேயே முடிந்துவிடும் ஆட்டத்துக்காக, மேற்குக் கடற்கரையில் இரவு உணவு நேரம் வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் முடிவை வெளியிடுபவர் யாருடைய ஒப்பந்தத்தையும் மீறுவதில்லை. தான் தொலைக்காட்சியில் கண்டதைத்தான் சொல்கிறார். பதிவு நாளின் கசிவுக்கு மனிதர்களைக் குறைசொல்லலாம். இந்தக் கசிவுக்கு ஏற்பாட்டைத்தான் குறைசொல்ல வேண்டும்.

2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து ஹுலு, பீகாக் தளங்களில் மறுநாள் பார்க்கும் வசதி வந்திருப்பது பெரிய முன்னேற்றம். ஆயினும் மறுநாள் என்பது மறுநாள்தான்; அதற்குள் நிகழ்ச்சியின் சொந்த இணையதளமே அன்றைய ஆட்டத்தின் புள்ளிக் கணக்கை வெளியிட்டிருக்கும். ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் இன்னும் மோசம்: நடப்புச் சாம்பியன் யார், எத்தனை நாளில் எவ்வளவு வென்றார் என்று தொடக்க அறிவிப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அறிமுகத்தைத் தவிர்க்கும் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. சாம்பியன் எப்போதும் முதல் மேசையில்தான் நிற்பார்.

முடிவு தெரியாமல் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், அன்றைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பிடிப்பதும், அதுவரை கைப்பேசியின் செய்தி அறிவிப்புகளை அணைத்துவைப்பதுமே வழி. முடிவு தெரிந்துவிட்டதே என்று ஓர் ஆட்டத்தை ஒதுக்கிவைத்திருப்பவர்களுக்கு, அதை முதல் கேள்வியிலிருந்தே பார்க்கச் சொல்வேன். டெய்லி டபுள் ஒவ்வொன்றும் யார் கைக்குப் போகிறது, இரண்டாம் சுற்று முடிகையில் மூவரிடமும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பந்தயத் தொகைகள் திரையில் வெளிப்படுவதற்கு முன் நீங்களே மூன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள்.