'நே' மட்டும் போதுமா? கொரியப் பேச்சில் மரியாதையாக ஆமோதிக்கும் சொற்கள்: ஓர் ஒப்பீடு

ஜூலை மாதம், சியோலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட். உங்களைவிட மூத்த சக ஊழியர் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஓனுல் ஜொங்மல் தொம்னேயோ" என்கிறார். இன்னைக்கு ரொம்ப வெக்கையா இருக்கே என்று அர்த்தம். பதிலுக்கு உங்கள் கையில் ஐந்து சொற்கள் இருக்கின்றன: நே, மஜாயோ, குரொகேயோ, குரொச்சோ, குரொனேயோ. ஐந்துமே ஏதோ ஒரு வகையில் 'ஆமாம்'தான். ஐந்துமே மரியாதையான வடிவங்கள். ஆனால் அவர் காதில் ஐந்தும் ஐந்து விதமாக விழும்.

இவற்றை மரியாதையின் அளவை வைத்து வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். நண்பனிடம் 'உங்', தெரியாதவரிடம் 'நே', மேலதிகாரியிடம் 'சும்னிதா' என்று முடியும் வாக்கியம் என. இது பாதிதான் உதவும். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது வேறொன்று: பேசப்படும் விஷயம் யாருக்கு முதலில் தெரிந்தது, அதைச் 'சரி' என்று சொல்லும் இடத்தில் இருப்பவர் யார் என்பது. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் விலகிவிடும். கொரியத் தொடர்களைப் பார்த்து மொழி பழகுகிறவர்களுக்கு இது ரொம்பவே தேவை, ஏனென்றால் தொடர்களில் சொல் காதில் விழும், யார் யாரிடம் சொல்லலாம் என்பது விழாது.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 'குரொ' என்று எழுதியிருக்கும் இடங்களில் 'கு'வை உதடு குவித்துச் சொல்லாதீர்கள். 'பாக்கு', 'நாக்கு' என்னும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம்தான் அது. தமிழ் பேசுகிறவர்களுக்கு வாயிலேயே இருக்கும் ஒலி.

நேயா, யேயா?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 'யே'தான் பழைய பொதுமொழி வடிவம். 1988-இல் வந்த கொரியப் பொதுமொழி விதிகள் 'நே'யையும் ஏற்றுக்கொண்டு, இரண்டும் சரி என்றன. இன்று சியோலில் எங்கும் 'நே'தான் கேட்கும். 'யே' சற்று விறைப்பானது: ராணுவம், வயதான ஆண்கள், நேர்முகத் தேர்வு. பூசான், தேகு நகரங்கள் உள்ள கியொங்சாங் பகுதியில் மட்டும் அது சாதாரணப் பேச்சு. 'நே' என்பது சில சமயம் 'தே' என்று கேட்பது உங்கள் காதின் கோளாறு அல்ல. சொல்லின் முதலில் வரும் மூக்கொலியைக் கொரியர்கள் மூக்கை அதிகம் சேர்க்காமல் சொல்கிறார்கள்.

'நே' எங்கே சறுக்கும் என்பதுதான் முக்கியம். "அன் சுவொயோ?" (குளிரலையா?) என்று கேட்டால், குளிரவில்லை என்பவர் "நே, அன் சுவொயோ" என்றே சொல்ல வேண்டும். கேள்வியில் உள்ள எதிர்மறையோடு ஒத்துப்போவதால் 'நே'. தமிழில் "இல்ல, குளிரல" என்று நமக்கு இயல்பாக வந்துவிடும். அதை அப்படியே கொண்டுபோய் 'அனியோ' (இல்லை) என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஜன்னலைச் சாத்தப் போய்விடுவார். ஆனால் "கச்சி அன் கல்லேயோ?" (கூட வரலையா?) என்பது அழைப்பு. அங்கே 'நே' என்றால் வருகிறேன் என்றே பொருள். கேள்வி தகவலுக்கா, அழைப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் 'நே'வுக்கு இன்னொரு வேலை உண்டு. நாம் 'உம்' கொட்டுவதுபோல ஒவ்வொரு துண்டு வாக்கியத்துக்கும் ஒரு 'நே' போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். மரியாதை கருதி நீங்கள் மௌனமாக இருந்தால் அந்தப் பக்கம் "யொபொசேயோ?" என்று லைன் இருக்கிறதா எனச் சோதிப்பார்கள்.

மஜாயோவும் குரொகேயோவும்

என்னைக் கேட்டால் இந்த ஜோடிதான் எல்லாவற்றுக்கும் மையம்.

'மஜாயோ' என்பது 'சரி, பொருந்துகிறது' என்ற தீர்ப்பு. சொல்கிறவர் ஓர் அளவுகோலை வைத்துச் சரிபார்த்துச் சொல்வதுபோல ஒரு தொனி அதில் ஒட்டியிருக்கிறது. சம வயதினர் இருவர் உற்சாகமாகப் பேசும்போது "மஜாயோ, மஜாயோ" என்று இரட்டித்து வருவது நாள் முழுக்கக் கேட்கும். அங்கே ஒரு குறையும் இல்லை. பெயர், தொகை, முகவரி போன்றவற்றை உறுதிசெய்யவும் இதுதான் சரியான சொல். மேலதிகாரி "மூணு மணிக்குத்தானே கூட்டம்?" என்றால் 'மாஸ்ஸும்னிதா' என்று விறைப்பான வடிவத்தில் சொல்லுங்கள், பொருந்தும். ஆனால் அதே அதிகாரி "இந்த வடிவமைப்புதான் நல்லா இருக்கு" என்று தன் கருத்தைச் சொல்லும்போது 'மஜாயோ' என்றால், அவர் கருத்துக்கு நீங்கள் மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்த இடத்துக்கு "ஜொதோ குரொகே செங்காகம்னிதா", அதாவது நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பது. தீர்ப்பு சொல்லாமல் அவர் பக்கத்தில் போய் நிற்கிறது அது.

'குரொகேயோ' வேறு மாதிரி. நீங்கள் சொன்னது என் மனதிலும் இருந்தது, நான் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்கிற உடன்பாடு. நம் 'அதானே'வுக்கு மிகப் பக்கத்தில் வரும். கடைசியில் உள்ள மரியாதை 'யோ'வையும் சேர்த்துப் பார்த்தால் 'அதானேங்க'. லிஃப்டில் வெக்கையைப் பற்றிச் சொன்னவருக்கு இதுதான் சிறந்த பதில். வெறும் 'நே' சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும். 'குரொகேயோ' சொன்னால் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போவார்.

அதற்கு எல்லை உண்டு. உங்களுக்குத் தெரியாத தகவலுக்கு 'குரொகேயோ' சொல்ல முடியாது. "நீங்க இந்தியாவா?" என்ற நேரடிக் கேள்விக்கும் அது பதில் ஆகாது. பேசுகிறவர் தன்னையே தாழ்த்திக்கொள்ளும்போது வாயில் வரவே கூடாது. விருந்துக்கு அழைத்தவர் "எனக்குச் சமையல் அவ்வளவா வராது" என்று சொல்ல, நீங்கள் 'குரொகேயோ' என்றால் அந்தக் கிம்ச்சி சூப்பை அவர் மறக்கமாட்டார். அங்கே மரியாதை என்பது மறுப்பதுதான்: 'அனியேயோ'. உங்கள் கொரிய மொழியை யாராவது புகழ்ந்தாலும் அப்படியே. 'நே' சொல்லி ஏற்றுக்கொள்ளாமல் "அனியேயோ, ஆஜிக் மொரொஸ்ஸொயோ", இன்னும் ரொம்ப தூரம் இருக்கு என்பார்கள்.

தெரிந்ததும் இப்போது கண்டதும்

'குரொச்சோ'வில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஜோ' என்ற விகுதி, 'எனக்கு முன்பே தெரியும்' என்பதைக் கொண்டுவருகிறது. நெருங்கியவர்களிடம் இதமாக இருக்கும், பேச்சில் 'குச்சோ' என்று சுருங்கும். மூத்தவர் புதிதாக ஒன்றைக் கண்டு சொல்லும்போது இதைச் சொன்னால், 'இப்பத்தான் தெரிஞ்சுதா?' என்ற சாயல் வந்துவிடும். ஆசிரியர் மாணவரிடம் சொல்ல ஏற்ற சொல். மாணவர் ஆசிரியரிடம் சொல்வது சற்றுத் துடுக்கு.

'குரொனேயோ'வின் 'னே' இதற்கு நேர் எதிர்: நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், ஆமாம். அதனால் தணிவான சொல். கொடி வேறு பக்கம் திரும்பியிருப்பதை மூத்தவர் காட்டினால் இதுதான் அழகு. 'குரொகுன்யோ' என்பதை இதோடு சேர்க்காதீர்கள். அது 'ஓ, அப்படியா' மட்டுமே. தகவலைப் பெற்றுக்கொண்டேன் என்கிறது, ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

'குரொனிக்காயோ' கொதிப்புள்ள உடன்பாடு. வீட்டு வாடகை, சுரங்க ரயில் நெரிசல் என்று சேர்ந்து அலுத்துக்கொள்ளும்போது வரும். சக ஊழியரோடு சரி, முதலாளியோடு வேண்டாம்.

அனுமதி, உத்தரவு

"இங்க உட்காரலாமா?" என்று ஒருவர் கேட்டால் 'நே'யைவிட 'குரொம்யோ' நூறு மடங்கு நல்லது. தாராளமா என்று கையை நீட்டுகிற சொல் அது. 'தங்யொனாஜோ'வும் அதே பொருள்தான், ஆனால் இடம் பார்க்க வேண்டும். "நானும் வரலாமா?" என்பவரிடம் அன்பு. "அறிக்கை அனுப்பியாச்சா?" என்ற மேலாளரிடம் 'இதெல்லாம் ஒரு கேள்வியா' என்ற தொனி. சந்தேகம் வந்தால் 'குரொம்யோ'வையே எடுங்கள்.

உத்தரவை ஏற்க 'அல்கெஸ்ஸும்னிதா'. 'அராஸ்ஸொயோ'வுக்கும் புரிந்தது என்றே பொருள், ஆனால் வேகமாகச் சொன்னால் 'சரி சரி, விடுங்க' ஆகிவிடும். 'குரேயோ' மேலிருந்து கீழே வரும் சம்மதம். இளையவர் கேட்டு மூத்தவர் சொல்வது. புதிதாகச் சேர்ந்தவர் வாயில் அது பொருந்தாது.

கொரியர்கள் செய்தி அனுப்பும் காக்காவோடாக் (KakaoTalk) செயலியில் கணக்கு மறுபடி மாறும். எழுத்தில் முகம் தெரியாததால் தனி 'நே' கோபம் மாதிரி படுகிறது. அதனால் 'நேப்' பிறந்தது: வாயை டக்கென்று மூடும் 'ப்' சேர்த்த, சுறுசுறுப்பான ஆமாம். குழுவில் மேலாளர் ஓர் அறிவிப்பு போட்டதும் வரிசையாக நேப், நேப், நேப் என்று இறங்கும். இதற்கு 'நேப்பியொங்', அதாவது நேப் நோய் என்று அலுவலகத்தார் பெயரே வைத்துவிட்டார்கள். 'நேங்' கொஞ்சல், மேலாளருக்கு அனுப்பாதீர்கள். 'நேநே' அவசரத்தில் சரி. முக்கியமான வேலைக்கு 'நே, அல்கெஸ்ஸும்னிதா' என்று முழுதாக எழுதுவதே என் தேர்வு.

சியோலைத் தாண்டினால் வேறு சொற்கள். கியொங்சாங்காரர் கதை கேட்கும்போது 'மன்னா' என்பார். வடிவத்தில் அது 'சரியா?' என்ற கேள்வி. சியோல்காரர் ஒவ்வொரு முறையும் "ஆமாம், நிஜம்தான்" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அங்கே அது வெறும் 'அப்படியா' என்று உம் கொட்டுவது. அதே ஊரில் 'ஹாமோ' என்றால் 'பின்னே?'.

ஆமாம் போல ஒலிக்கும் மறுப்பு

கொரியாவில் வேலைக்குப் போகிறவர்கள் மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது. 'குரொகின் ஹந்தேயோ' என்பதன் முதல் பாதி உடன்பாடு, 'ஹந்தேயோ' வந்ததும் மறுப்பு தொடங்கிவிட்டது: அது சரிதான், ஆனா... அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றுமே சொல்லாமல் நிறுத்திவிடவும் செய்வார்கள். 'குரொல் சுதோ இக்கென்னேயோ', அப்படியும் இருக்கலாம் என்பது, மோதலைத் தவிர்க்கும் வழி. 'குல்ஸ்ஸேயோ' தயக்கம், பெரும்பாலும் இல்லை. கூட்டத்தின் முடிவில் 'கொம்தோஹே போகெஸ்ஸும்னிதா', பரிசீலிக்கிறோம் என்று சிரித்த முகத்தோடு சொல்லி விடைபெற்றால், ஒப்புக்கொண்டார்கள் என்று ஊருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு அவர்களே தேதி கேட்கிறார்களா என்று பாருங்கள்.