தற்சுழற்சியைப் பிரிப்பது மூலக்கூறா, உலோகமா?

இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத கைரல் மூலக்கூறுகளின் ஊடே எலக்ட்ரான்கள் செல்லும்போது, ஒருவகைத் தற்சுழற்சி (எலக்ட்ரானை ஒரு நுண்காந்தம்போல் ஆக்கும், இருவகை மட்டுமே கொண்ட இயல்பு) உடையவை மற்றவகையைவிட எளிதில் கடந்துவிடுகின்றன. வேதியியலாளர் ரான் நாமன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட இந்த விளைவுக்குக் காரணம் எது என்பதில் இரண்டு விளக்கங்கள் மோதுகின்றன.

முதல் விளக்கத்தின்படி, மூலக்கூறின் திருகுசுருள் வடிவமே வடிகட்டி. இதன் பலவீனம் கணக்கில் இருக்கிறது: கார்பனின் தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பு (எலக்ட்ரானின் தற்சுழற்சியை அதன் இயக்கத்தோடு இணைப்பது) சில மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது, அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ சுமார் 25. ஆயினும் 2011-இல், தங்கத்தின் மேல் நிறுத்திய இரட்டை இழை டிஎன்ஏவைக் கடந்துவந்த எலக்ட்ரான்களில் ஏறத்தாழ 60 சதவீதத் தற்சுழற்சி முனைவாக்கம் (இருவகைத் தற்சுழற்சிகளின் எண்ணிக்கையில் உள்ள ஏற்றத்தாழ்வு) அறை வெப்பநிலையிலேயே கிடைத்தது.

அந்தத் தங்கத்தைத்தான் இரண்டாவது விளக்கம் சுட்டுகிறது. மூலக்கூறு, எலக்ட்ரான் சுற்றும் திசையைக் காட்டும் சுற்றுப்பாதைக் கோண உந்தத்தை மட்டுமே தரம் பிரிக்கிறது, அதைத் தற்சுழற்சியாக மாற்றுவது கனமான உலோகம் என்கிறது அது. எண்கள் இதில் எளிதாகப் பொருந்துகின்றன. எனினும் ஹெப்டாஹெலிசீன் என்ற திருகுசுருள் கார்பன் மூலக்கூறைத் தாமிரம், வெள்ளி, தங்கம் ஆகிய மூன்றின்மீதும் படியவைத்துப் பார்த்தபோது, அணு எண் 29 உடைய தாமிரத்திலும் 79 உடைய தங்கத்திலும் முனைவாக்கம் 6 முதல் 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அவை ஒளியால் உலோகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எலக்ட்ரான்கள் என்பதால், மின்கடத்தல் சோதனைகளுக்கு, உலோகத்தின் கனம் பொருட்டல்ல என்ற இத்தீர்ப்பை அப்படியே நீட்டிக்க நான் தயங்குவேன்.

உலோகத்தையே விலக்கிய சோதனை 2023-இல் வந்தது. வேதியியலாளர் வாசிலெவ்ஸ்கி குழுவினர், எலக்ட்ரானைத் தரும் கொடுநருக்கும் அதைப் பெறும் ஏற்பிக்கும் இடையே கைரல் பாலம் கொண்ட மூலக்கூறில் ஒளியைப் பாய்ச்சி, எலக்ட்ரான் தாவியபின் உருவாகும் எலக்ட்ரான் இணையைப் பாராகாந்த ஒத்ததிர்வால் (தற்சுழற்சிகளை நுண்ணலை கொண்டு கண்டறியும் முறை) படித்தனர். கைரல் அல்லாத பாலத்தில் ஒற்றை நிலையில் (இரு தற்சுழற்சிகளும் ஒன்றையொன்று முழுதும் ஈடுசெய்வது) பிறக்கும் அந்த இணை, கைரல் பாலத்தில் மும்மை நிலையும் (அவ்வாறு ஈடுசெய்யாதது) கலந்தே பிறக்கிறது.

குவாண்டம் ஓரியல்பு, அதாவது அலைகளின் கட்டம் ஒழுங்கு குலையாமல் இருப்பது, இங்கே இரு முகம் காட்டுகிறது. இரு முனைகளுக்கு இடையே ஒரே கடத்துவழி இருந்தால், காலத் திருப்பச் சமச்சீர்மை (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் இயக்க விதிகள் மாறாமை) தற்சுழற்சிப் பிரிப்பைத் தடுத்துவிடும். ஆகவே, முதல் விளக்கத்தைச் சார்ந்த சில கோட்பாடுகள் எலக்ட்ரான் அலையின் கட்டம் வழியில் சிதைய வேண்டும் என்கின்றன. ஒளியால் பிறந்த இணையிலோ, ஒற்றை நிலையும் மும்மை நிலையும் ஓரியல்போடு கலந்திருப்பதே தற்சுழற்சி பிரிந்ததற்கான தடயம். இவை வெவ்வேறு ஓரியல்புகள் (ஒன்று இயக்கத்தின் கட்டம், மற்றது தற்சுழற்சியின் கட்டம்), இவற்றை ஒன்றெனக் கொள்வதால்தான் விவாதத்தில் பாதிக் குழப்பம்.

கடத்தல் அளவீடுகளில் உலோகத்தின் பங்கை நான் மறுக்கமாட்டேன். ஆனால் 2023-க்குப் பின் மூலக்கூறை வெறும் துணைப்பாத்திரம் என்று சொல்ல இடமில்லை. கார்பனின் அந்தச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட் தங்கத்தின் தயவின்றி எப்படிப் போதுமானதாகிறது என்பதற்குத்தான் முதல் தரப்பு இனிப் பதில் தர வேண்டும்.